மஞ்சள் பூசாத நிலைப்படி

தேனே சேர்க்காத ஒரு தேனீக்காக இரண்டு வருடத்து வார விடுமுறைகளைத் தாரை வார்த்தவன் நான். பெயர் ரகு. தடாவுக்குப் பக்கத்தில், ஸ்ரீசிட்டியில், ஏசி மெஷினுக்குக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். ஓட்டை இருக்கக் கூடாத இடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். விடியுமுன் திருப்பதியில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துப் போய் நாளெல்லாம் ஓட்டை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுமுறையில் குப்புறப் படுத்துத் தூங்கலாம் என்றால் நடக்காது. அன்றைக்கு என் மனைவி நந்திதாவோடு போய் அவளுக்காக ஓட்டை தேட வேண்டும்.

நந்திதா திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நான் திருத்தணிக்காரன், அவள் ஆற்காட்டுக்காரி. வேலையும் படிப்பும் எங்களை ஆந்திராவில் கொண்டுவந்து போட்டன. பெண் பார்த்த அன்று 'தேனீ ஆராய்ச்சி' என்று அவள் சொன்னதும், இனி வீட்டில் தேனுக்குப் பஞ்சமே இருக்காது என்று என் அம்மா பூரித்துப் போனாள். பாவம். நந்திதாவின் தேனீ கூட்டமாக வாழாது. ராணி கிடையாது, அடை கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனியாக வீடு கட்டித் தனியாகப் பிள்ளை வளர்க்கும் வகை. டீனோபிளெக்ட்ரா என்று பெயர். அது என் வாயில் நுழையவே ஒரு மாதம் ஆனது. நான் அதற்கு வைத்த பெயர் எண்ணெய்க்காரி.

அது வெறும் கிண்டல் இல்லை. இந்தத் தேனீ பாகல் பூவுக்குப் போவதே எண்ணெய்க்காகத்தான். அந்தப் பூவின் அடிப்பக்கத்தில் பொடிப்பொடியான சுரப்பிகளிலிருந்து எண்ணெய் கசியும். பெண் தேனீ அதை வயிற்றுப் பக்கத்து மயிரால் ஒற்றி எடுத்து, பின்னங்காலில் இருக்கிற சீப்பு போன்ற முள்ளால் வாரி, காலில் சேர்த்துக்கொண்டு பறக்கும். எண்ணெயில் மகரந்தத்தைக் குழைத்தால் பிள்ளைக்குச் சாப்பாடு. மண்ணைக் குழைத்தால் வீட்டுக்குப் பூச்சு. தேன் குடிக்க வேறு பூவுக்கும் போகும். எண்ணெய் என்று வந்துவிட்டால் பாகலும் பாகலின் ஒன்றுவிட்ட சொந்தங்களும்தான் வேண்டும். ஊரில் மல்லிகையும் ரோஜாவும் இருக்க, போயும் போயும் பாகலைக் கட்டிக்கொண்டதே என்று அதன் ரசனையை ஒருமுறை கேலி செய்தேன்.

"உன்னைக் கட்டிக்கிட்ட என் ரசனையை விடவா?" என்றாள் நந்திதா. அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பூவில் எண்ணெய்க்காரி எப்போதாவது கண்ணில் படுவாள். வீடுதான் தெரியவில்லை. பழைய மரத்தில் வண்டு துளைத்துவிட்டுப் போன ஓட்டைகளில் இந்த வகை கூடு கட்டும் என்று நந்திதா படித்திருந்தாள். ஆகவே நாங்கள் பந்தல் கால், வேலிக் கட்டை, விறகுக் குவியல், மாட்டு வண்டிச் சட்டம் என்று ஒன்றையும் விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தோம். எறும்பு கிடைத்தது, பல்லி முட்டை கிடைத்தது, ஒருமுறை தேளும் கிடைத்தது. நந்திதாவின் வழிகாட்டி பிரேமலதா மேடம் ஒரு நாள் தன் தெலுங்கு கலந்த தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பூ உந்தி, வீடு லேது. பூ இருக்கு, வீடு இல்லை. இந்தப் பாகல் சீசன் முடியிற வரைக்கும் பாரும்மா. கிடைக்கலைன்னா கூடு பத்தின அத்தியாயத்தை எடுத்துட்டு மிச்சத்தைக் கொடுத்துடு." நியாயமான பேச்சுதான். ஆனால் அன்று நந்திதா சாப்பிடவில்லை. பாதி ஆராய்ச்சியோடு வெளியே வருவது அவளுக்குப் பாதிக் கல்யாணத்தோடு எழுந்து வருவது மாதிரி.

நாங்கள் அதிகம் போனது கங்காதர நெல்லூருக்கு. அங்கே சித்தூர் போகும் பெரிய ரோட்டை ஒட்டிக் கோவிந்தம்மாள், கேசவன் தம்பதியின் பாகல் பந்தல் இருந்தது. தமிழ்க் குடும்பம். அவர்கள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொந்தமாக ஒரு துண்டு நிலம், அதன் ஓரத்தில் ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டில் பெருமைக்குரிய பொருள் வாசக்கால்தான். சித்தூரில் யாரோ பெரிய வீட்டை இடித்தபோது கேசவன் வாங்கி வந்து வைத்தது. அந்த வீட்டுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். பொடியன் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த வாசக்காலைத் தாண்டித் தாண்டித்தான் நாங்கள் மோர் குடிக்கப் போனோம், வந்தோம். தரப் பரிசோதகன் என்று மார் தட்டிக்கொள்ளும் நானும் ஒருநாள்கூட அதைக் குனிந்து பார்க்கவில்லை.

ஆடி முதல் வெள்ளி. நாங்கள் போய் வண்டியை நிறுத்தும்போது கோவிந்தம்மாள் தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டு சுற்றி, கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்துக்கொண்டு நிலைப்படி முன்னால் மண்டியிட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை வாசப்படிக்கு மஞ்சள் பூசாத வீடு கிடையாது. படியிலும் வாசக்காலின் அடிப்பாகத்திலும் வழித்துப் பூசி, வரிசையாகக் குங்குமப் பொட்டு வைப்பார்கள். கோவிந்தம்மாள் ஒரு கை மஞ்சளை அள்ளி வாசக்கால் பக்கம் கொண்டுபோனாள்.

"அக்கா, கைய எடுங்க!" என்று நந்திதா போட்ட கூச்சலில் கிண்ணம் கவிழ்ந்து, மஞ்சள் முழுவதும் என் பேன்ட்டில் அபிஷேகம் ஆயிற்று.

படிக்கு ஒரு சாண் மேலே, வாசக்காலில், பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் விளிம்பில் கறுப்பாக, கட்டைகுட்டையாக ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் எண்ணெய் தடவியது மாதிரி மினுமினுத்தன. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அது உள்ளே போய்விட்டது. அதற்குமுன் நந்திதா அவசர அவசரமாக ஒரு படம் எடுத்திருந்தாள். அந்தப் படத்தில் வாசக்கால் அருமையாக விழுந்திருந்தது. தேனீ இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கறை.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. பூச்சி வெளியே வரவே இல்லை. மனமே இல்லாமல் கிளம்புமுன் நந்திதா கோவிந்தம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உள்ள இருக்கிற குஞ்சுங்க வெளியே வர்ற வரைக்கும் வாசக்கால்ல எதுவும் படக் கூடாது. மஞ்சள் வேணாம், தண்ணி வேணாம். சாணி தெளிச்சாலும் தெறிக்கும்."

"இன்னா பாப்பா சொல்ற நீ?" கோவிந்தம்மாள் திடுக்கிட்டுப் போனாள். "ஆடி வெள்ளியும் அதுவுமா வாசப்படி மொட்டையா கெடந்தா, கோலமும் இல்லன்னா, ஊட்ல எழவு வுழுந்துடுச்சின்னு இல்ல நெனைப்பாங்க?"

அவள் சொன்னது மெய்தான். சாவுத் தீட்டு இருக்கிற வீட்டில்தான் படியில் மஞ்சளும் வாசலில் கோலமும் இருக்காது. ரோட்டில் போகிறவன்கூட அதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

"நெனைச்சா நெனைக்கட்டும்," என்றார் கட்டிலில் உட்கார்ந்து பாகற்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த கேசவன். "நான்தான் குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு கீறேனே. எவன் வந்து கேக்கப் போறான்?"

கோவிந்தம்மாள் ஓட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "சரி வுடு. புள்ளத்தாச்சியா வந்து நம்ம ஊட்ல குந்திக்கிச்சி. தொரத்தவா முடியும்?" என்றாள்.

மறுநாள் காலையிலேயே அவளிடமிருந்து போன். ஓட்டை மண்ணால் அடைபட்டிருந்தது, அடைத்தவளைக் காணவில்லை. நந்திதா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிரேமலதா மேடத்திடம் அந்தக் கறைப் படத்தைக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உள்ள போனதைப் பார்த்தே, சரே. மழைக்கு எத்தனையோ பூச்சி ஓட்டைக்குள்ள ஒதுங்கும். மண்ணால அடைச்சது எது? குளவிகூட அடைக்கும். உள்ளேருந்து எது வெளியே வருதோ அதுதான் சாட்சி."

அதாவது, வாசக்காலிலிருந்து எண்ணெய்க்காரியின் பிள்ளை வந்தால் நந்திதாவுக்கு அத்தியாயம். குளவி வந்தால் இரண்டு வருடமும் என் வெள்ளிக்கிழமைகளும் தண்ணீரில் எழுதியதுதான்.

இரண்டாவது வெள்ளியும் வாசப்படி மொட்டையாகவே கிடந்தது. கோவிந்தம்மாள் வீட்டுக்குள் போகும்போதெல்லாம் படியைப் பார்க்காமல் தாண்டினாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே, "இன்னாடி கோவிந்தம்மா, பூச்சிக்குப் பிரசவம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தெரிந்தவர்களால் தொந்தரவு இல்லை. தெரியாதவர்கள் பஸ்ஸில் போகிறார்களே, அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவளுக்குக் குடைச்சல்.

அன்று மத்தியானம் நாங்கள் எல்லோரும் பந்தலுக்குள் இருந்தபோது கேசவனின் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், மணிச் சத்தத்தை மட்டும் அமுக்கினார். திரும்ப அடித்தது. திரும்ப அமுக்கினார்.

"தடாவுல இவரு அக்கா," என்று கோவிந்தம்மாள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "சென்னம்மான்னு பேரு. போன வருசம் அவங்க புள்ளைக்குக் கல்யாணம். பத்திரிகையில தாய்மாமன் பேரு வுட்டுப்போச்சி. அச்சடிக்கிறவன் வுட்டுட்டான்னு அவங்க சொல்றாங்க. இவரு கேக்கணுமே! கல்யாணத்துக்கும் போவல, அன்னியிலருந்து பேச்சும் இல்ல."

"தாய்மாமன் பேர வுட்டுட்டாளே, அப்படின்னா இன்னா அர்த்தம்?" கேசவன் பந்தலின் மறுபக்கத்திலிருந்து கத்தினார். "அவளப் பொறுத்தவரைக்கும் நான் செத்தவன். செத்தவன் எங்கயாவது போன் எடுப்பானா?"

அவர் சொன்னதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அம்மா இறந்த பிறகு அந்த அக்காதான் அவரைத் தூக்கி வளர்த்தவராம். அப்படிப்பட்டவர்கள் சண்டை போட்டால் மனசு சும்மா விடுமா?

மூன்றாவது வெள்ளிக்கு முதல் நாள் சாயங்காலம் கோவிந்தம்மாள் போன் செய்தாள். அடைப்பின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது, உள்ளேயிருந்து யாரோ சுரண்டுகிறார்கள் என்றாள். நந்திதா உடனே மேடத்துக்குச் சொன்னாள். அவரும் பார்த்தே தீர வேண்டும் என்று காலையில் தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கேசவன் எங்களுக்காகப் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தார். பூச்சி வெளியே வருவதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சத்தம் போடக் கூடாது என்று நந்திதா கேட்டுக்கொண்டதால் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து வாசக்காலின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பஸ்கள் போயின. கேசவன் எல்லோருக்கும் டீ வாங்கி வரத் தூக்குப் பாத்திரத்தோடு போனார்.

மண் உதிர்ந்தது. ஓட்டை பெரிதானது. நந்திதா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எனக்குக் கை மரத்துவிட்டது. முதலில் மீசை போல இரண்டு உணர்கொம்புகள் வெளியே வந்தன. பிறகு தலை. பிறகு நீளமாக ஒரு கழுத்து.

தேனீக்கு ஏது கழுத்து? எனக்கே தெரிந்துவிட்டது. ஊசி மாதிரி உடம்பும் ஒடிந்து விழுகிற மாதிரி இடுப்புமாக ஒரு குளவி வெளியே வந்து, வாசக்காலில் நின்று சிறகை உதறிவிட்டுப் பறந்து போனது.

"குளவி," என்றார் மேடம் மெதுவாக. பிறகு, நந்திதாவின் தோளைத் தொட்டு, "ஒட்டுண்ணிக் குளவியாகவும் இருக்கலாம். தேனீ கூட்டுல முட்டை வெச்சிட்டுப் போற திருடி. இன்னும் அறைகள் இருக்கும், பார்க்கலாம். ஏட்வகு தல்லி," என்றார். அழாதே அம்மா என்று அதற்கு அர்த்தம். அந்த மாதிரி நேரத்தில் அழாதே என்று சொன்னால் யார்தான் அழாமல் இருப்பார்கள்? நந்திதா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக் கோவிந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மற்ற பெண்களும் உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பூச்சியை நான் எவ்வளவு கேலி செய்தாலும், அது வர வேண்டும், நந்திதா சிரிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் ரோட்டுப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அய்யோ தம்பீ! என் ராசா! அக்காவ வுட்டுட்டுப் போய்ட்டியாடா!"

கையில் ஒரு பெரிய சாமந்தி, ரோஜா மாலையோடு, தலைமுடி அவிழ, மார்பில் அடித்துக்கொண்டு ஓர் அம்மாள் ஓடி வந்தார். வந்த வேகத்தில் முதல் நாற்காலியில் இருந்த பிரேமலதா மேடத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனசுக்காரர். "ஊருக்கோம்மா, ஊருக்கோ," என்று அந்த அம்மாளின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அது தேறுதல் வார்த்தை. அதைக் கேட்டதும் வந்தவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

"பத்திரிகையில பேரு வுட்டவன் கைய ஒடிக்கிறேன்னு சொன்னேனேடா! ஒரு போன் எடுத்திருந்தா கால்ல வுழுந்திருப்பேனே! நான் தூக்கி வளத்த கொழந்த..."

"ஷ்ஷ்! கத்தாதீங்க, உள்ள இன்னும் இருக்குது!" என்று நந்திதா அழுகையோடு கையை ஆட்டினாள்.

"உள்ளதான் கெடத்தியிருக்கீங்களா? மொகத்தக் காட்டுங்கடி!" என்று சென்னம்மா வாசப்படியைப் பார்த்துப் பாய்ந்தார். நான் குறுக்கே விழுந்து வாசக்காலைக் கட்டிக்கொண்டேன். பின்னே? இரண்டு வருடம் தேடிய கூடு.

"அண்ணி! அண்ணி! அவரு டீ வாங்கப் போய்க்கீறாரு!" என்று கோவிந்தம்மாள் கதறினாள்.

சென்னம்மா அப்படியே நின்றார். திரும்பிப் பார்த்தார். தூக்குப் பாத்திரத்தோடு கேசவன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒப்பாரியின் பாதியிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. முகம் என்னவோபோல் இருந்தது.

"யாருக்கு மாலை?" என்றார்.

சென்னம்மா நேராகப் போய்த் தம்பியின் கன்னத்தில் ஒன்று விட்டார். பிறகு அதே கன்னத்தைத் தடவினார். பிறகு தூக்குப் பாத்திரத்தோடு அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார். டீ பாதி அவர் புடவையில் கொட்டியது, அவருக்கு அது தெரியவே இல்லை.

விஷயம் பிறகுதான் தெளிவானது. போன வெள்ளி சென்னம்மா சித்தூரில் ஒரு வேலைக்காக இந்த ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கிறார். ஜன்னல் வழியே தம்பி வீட்டைப் பார்க்காமல் இருப்பாரா? வாசலில் கோலம் இல்லை, படியில் மஞ்சள் இல்லை, வீடு பூட்டிக் கிடந்தது. போன் போட்டால் தம்பி எடுக்கவில்லை. வாரம் முழுவதும் மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கிறது. இன்று நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறி வந்தால், வீட்டைத் தாண்டும்போது அதே மொட்டை வாசப்படி, அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, தலை குனிந்த கூட்டம். ஸ்டாப்பில் இறங்கியதும் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அழுதுகொண்டே மாலை வாங்கி வந்திருக்கிறார்.

"ஒரு வார்த்த யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா, அண்ணி?" என்றாள் கோவிந்தம்மாள்.

"எப்படிடி கேப்பேன்? எந்தம்பி செத்துட்டானான்னு எந்த வாயால கேப்பேன்?"

கேசவன் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, செத்தவன் போன் எடுக்க மாட்டான்னு சொன்னீங்களே, இப்ப இன்னா சொல்றீங்க?" என்று கோவிந்தம்மாள் அவரை விடவில்லை. அந்த மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால் அது வாசலில் ஒரு நாற்காலியின் மேல் கிடந்தது.

அழுது ஓய்ந்த சென்னம்மா வாசப்படிக்குப் பக்கத்திலேயே தரையில் சரிந்து உட்கார்ந்து, வாசக்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மீதி டீயை நாங்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். பூச்சியின் நினைவு நந்திதாவைத் தவிர யாருக்கும் இல்லை. அவளும் மேடமும் தள்ளி நின்று, அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டால் ஆராய்ச்சியை எப்படி முடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா," என்றார் சென்னம்மா மூக்கை உறிஞ்சியபடி. "இங்க ஓட்டையில ஒண்ணு குந்திக்கினு மொகத்தத் துடைச்சிக்கினு கீதே. இதுவும் அழுதுச்சா?"

நந்திதா ஓடி வந்த வேகத்தில் ஒரு நாற்காலி சாய்ந்தது. ஓட்டையின் விளிம்பில், கறுப்பாக, கட்டைகுட்டையாக, கழுத்தே இல்லாமல் ஒருத்தன் உட்கார்ந்து முன்னங்காலால் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒருத்தன் என்று நந்திதாதான் சொன்னாள். வாசலுக்குப் பக்கத்து அறைகளில் ஆண்கள், முதலில் வெளியே வருவதும் அவர்கள்தான். இந்த முறை அவள் அவசரப்படவில்லை. படம் எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். மேடம் தரையில் மண்டியிட்டு, சென்னம்மாவின் தோளுக்கு மேலாக லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"டீனோபிளெக்ட்ரா," என்றார். அடுத்த நொடி குரல் உடைந்து, "நீதே, தல்லி. உன் கூடுதான் இது," என்றார்.

அந்தப் பயல் பறந்தான். வாசலில் கிடந்த மாலையின் மேலாகப் போனான். சாமந்தி, ரோஜா, நடுவில் ஜரிகை எல்லாம் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு பூவையும் பார்த்திராதவன் அவன். நின்று ஒரு சுற்றுக் கூடச் சுற்றவில்லை. முற்றத்தைத் தாண்டி, நேராகப் பாகல் பந்தலுக்குப் போய், ஒரு மஞ்சள் பூவுக்குள் தலையை விட்டான்.

நந்திதா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு வருடத்து வெள்ளிக்கிழமைகளைக் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் வாங்கிக்கொள்வாள்.

"பாத்தியா, உன் மாலைய அதுகூட சீண்டல," என்று கேசவன் அக்காவிடம் சொன்னார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் அக்காவிடம் வலியப் பேசிய பேச்சு அதுதான். அடுத்த வீட்டு ஆடு ஒன்று வந்து மாலையைப் பற்றிய கவலையைத் தீர்த்து வைத்தது.

அன்று சாப்பிடாமல் யாரையும் விடவில்லை. பாகற்காய்ப் புளிக்குழம்பை மேடம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று கோவிந்தம்மாள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் விளக்கு வைக்குமுன் அவள் மஞ்சள் கிண்ணத்தோடு வந்து நந்திதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள இன்னும் ரெண்டு மூணு இருக்கும், அக்கா," என்றாள் நந்திதா கெஞ்சலாக.

"இருக்கட்டும். அதுங்கள நான் ஏன் தொடப் போறேன்?" என்று கோவிந்தம்மாள் குனிந்தாள். படி முழுவதும் வழித்துப் பூசினாள். வாசக்காலில் பூசும்போது மட்டும், ஓட்டையைச் சுற்றி ஒரு வளையல் அகலத்துக்கு இடம் விட்டாள். பிறகு அந்த வட்டத்தைச் சுற்றிக் குங்குமப் பொட்டு வைத்தாள். கடைசிப் பொட்டைச் சென்னம்மா வைத்தார். கேசவன் அவரைத் தடா பஸ்ஸில் ஏற்றிவிடப் போனார். பஸ் கிளம்பியபோது கேசவனும் உள்ளே இருந்தார் என்று பிறகு தெரிந்தது.

நந்திதாவின் அத்தியாயம் எழுதியாகிவிட்டது. என்றாலும் வெள்ளிக்கிழமை எனக்குத் தூக்கம் கிடையாது. இப்போது நானே வண்டியை எடுக்கிறேன். போன வாரம் போனபோது கோவிந்தம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். பேசாதே என்று வாயில் விரலை வைத்து, எங்களை வாசக்கால் பக்கம் கூப்பிட்டாள். பழைய ஓட்டையில் புதிதாக ஒரு பெண் குடி வந்திருந்தாள். கால் மினுமினுக்க, பாகல் எண்ணெயில் மண்ணைக் குழைத்து, தன் வாசலில் பொறுமையாக வழித்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா பாப்பா," என்று கோவிந்தம்மாள் நந்திதாவின் காதில் சொன்னாள். "இன்னிக்கு வெள்ளிக்கெழமைன்னு அதுக்கும் தெரிஞ்சிக்கீது."